மேலே கிடுகு, கீழே கிணறு



போன வாரம் எங்களிடம் படித்த தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கட்டாரில் எட்டு வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். களப்பின் ஓரம் வாப்பா விட்டுச்சென்ற காணியில் 'வெல்னஸ் ரிட்ரீட்' கட்டப் போகிறாராம். எண்ணெய் வைத்தியம், யோகா, அமைதி என்று தேடிவரும் வெளிநாட்டவர் தங்கும் இடம். வரைபடத்தை விரித்து, "சேர், எல்லாமே இயற்கைப் பொருள்தான். ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

பார்த்தோம். சுவர் சீமெந்துக் கல், வெளியே மூங்கில் ஒட்டு. கூரை தகரம், அதற்கு மேல் அழகுக்குக் கிடுகு. ஆறு அறைக்கும் ஏசி. மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து இருபது அடியில்.

தம்பியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அறுகம்பை தொடங்கி பொத்துவில் கரை வரை அலைச்சறுக்கு விளையாட்டை நம்பி நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சாப்பிடுகின்றன. எமது பிள்ளைகள் மீண்டும் விமானம் ஏறாமல் ஊரிலேயே தொழில் செய்வதை நாமே வரவேற்காவிட்டால் யார் வரவேற்பது? ஆனால் ஒரு விடயத்தை ஊராகச் சேர்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. இயற்கை என்பது கட்டடத்துக்குப் போடும் உடுப்பா, அல்லது கட்டடம் நடந்துகொள்ளும் முறையா?

எமது மூத்தம்மாமார் இருந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். வரிச்சுக் கட்டி மண் அப்பிய தடித்த சுவர். வெயில் சுவரைத் தாண்டி உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கிடுகுக்கூரை சூட்டை உள்ளே அடைத்து வைக்காது. நீண்ட தாவாரம் கச்சான் காலத்து வெயிலையும் வாடைக்காலத்து மழையையும் சுவரில் படவிடாது. மண் சுவர் ஈரத்தில் கரையாமல் இருக்க அத்திவாரத்தை உயர்த்தினார்கள். அடுப்படியைத் தள்ளி வைத்தார்கள், கிடுகில் தீப்பொறி விழாமல் இருக்க. அந்த வீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

அந்த வீடுகளை ஏழ்மையின் அடையாளம் என்று வெட்கப்பட்டு நாமே இடித்தோம். 2004 சுனாமிக்குப் பிறகு கல்வீடு வேண்டும் என்று நாம் கேட்டதில் நியாயமும் இருந்தது. இப்போது அதே கிடுகைத் தகரத்துக்கு மேல் விரித்து, ஒரு இரவுக்கு டொலரில் வாடகை கேட்கிறோம். கிடுகு தெரிகிறது, ஆனால் அறை கொதிக்கிறது. அதனால்தான் ஏசி தேவைப்படுகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இயற்கையான பொருள் என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. முருகைக்கல் சுண்ணாம்பும் இயற்கைதான், ஆனால் முருகைக்கல்லை அகழ்வது சட்டப்படி தடை. களப்பில் வெட்டும் கண்டல் கம்பும் இயற்கைதான், ஆனால் இறால் குஞ்சு வளர்வது அந்த வேர்களுக்குள்தான். அறையிலிருந்து கடல் தெரியட்டும் என்று வழித்தெடுக்கும் மணல்மேடும் இயற்கைதான். அடுத்த பேரலை வந்தால் முதலில் அதைத் தாங்க வேண்டியது அந்த மேடு.

தம்புள்ளைக்குப் பக்கத்தில் ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1994 இல் திறக்கப்பட்ட கண்டலம ஹோட்டலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கட்டப்படும்போது ஊரவர்கள் எதிர்த்தார்கள். அவர்களின் முக்கியமான கேள்விகளில் ஒன்று, கழிவுநீர் எங்கே போகும், எங்கள் குளம் என்னவாகும் என்பது. பாவா கட்டியது கொங்கிரீட்டில்தான். ஆனாலும் மலையை வெட்டித் தள்ளாமல் தூண்களில் நிறுத்தினார், மழைநீர் ஓட வழிவிட்டார், கூரையிலும் முகப்பிலும் செடி கொடி படர இடம் கொடுத்தார். கொங்கிரீட் கட்டடமும் நிலத்தோடு ஒத்துப்போகலாம், கிடுகுக் கொட்டிலும் நிலத்தைக் கெடுக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

எமது கரையில் அந்தக் கேள்வி கிணற்றைப் பற்றியது. மணல் நிலத்தில் நன்னீர் உப்புநீருக்கு மேல் மெல்லிய படையாகத்தான் மிதக்கிறது. மோட்டார் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலே ஏறும். குழியில் விட்ட கழிவு மணலில் வேகமாக இறங்கிப் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போகும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் ஐம்பது அடியாவது வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வதை நாம் வீடு கட்டும்போதே காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆறு அறையும் நீச்சல் தடாகமும் வந்தால் என்ன ஆகும்? விருந்தாளிக்குப் போத்தல் தண்ணீர் இருக்கிறது. அயல் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கிணறுதான் இருக்கிறது. ஒருவருக்கு ஆரோக்கியம் விற்று அடுத்தவருக்கு வயிற்றோட்டத்தைக் கொடுப்பது என்ன வியாபாரம்?

தம்பியிடம் நாங்கள் சொன்னதை இங்கேயும் பதிகிறோம். முதலில் கிணற்றையும் குழியையும் குறித்துவிட்டு, மிஞ்சும் இடத்தில் அறைகளை வரையுங்கள். குளிக்கும் நீரைச் சரளையும் கல்வாழையும் போட்ட பாத்தி வழியாக விட்டுத் தோட்டத்துக்குப் பாய்ச்சுங்கள். நீச்சல் தடாகம் வேண்டாம், பக்கத்தில் கடல் இருக்கிறது. சுவரை அழுத்திய மண்கல்லில் கட்டலாம். அதில் கொஞ்சம் சீமெந்து கலந்தால் மழைக்கும் நிற்கும். கூரை கிடுகென்றால் உண்மையான கிடுகாக, சரிவு கூட்டிப் போடுங்கள். மூங்கிலைப் போரக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் பூச்சி அரிக்காது. மேற்குப் பக்கம் மரம் நடுங்கள், கிழக்குப் பக்கம் கடல் காற்றுக்குத் திறந்து விடுங்கள்.

கிடுகை ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அது செலவு என்றார் தம்பி. செலவுதான். ஆனால் அந்தச் செலவு யாருடைய கைக்குப் போகிறது? தகரத்தின் பணம் ஊரைவிட்டுப் போய்விடும். கிடுகின் பணம் ஓலையை ஊறப்போட்டு முற்றத்தில் குந்தியிருந்து பின்னும் உம்மாமாருக்கு வரும். திரைச்சீலைக்கு மருதமுனை நெசவு இருக்கிறது, விரிக்க எமது பன்பாய் இருக்கிறது. எண்ணெய் வைத்தியத்துக்கு 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்திலேயே இடம்பெற்ற யூனானி இருக்கிறது, அதைப் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் எமது பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் விலையை அடித்துப் பேசாதீர்கள். ஒரு கிடுகுக்கு நாம் கொடுக்கும் காசைச் சொல்ல எமக்கே வெட்கமாக இருக்கிறது.

பிரதேச சபையிடமும் பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். கட்டட அனுமதிக்கு வரைபடம் வரும்போது முகப்பைப் பார்ப்பதற்கு முன் கழிவுநீர் போகும் வழியைக் கேளுங்கள். அயலவர்களை அழைத்துக் காட்டுங்கள். தண்ணீர் எம் எல்லோரிடமும் உள்ள அமானிதம், காணி உறுதியில் அது எழுதப்படுவதில்லை.

தம்பி வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். முகத்தில் கொஞ்சம் வாட்டம் இருந்தது. நேற்று மஃரிபுக்குப் பிறகு தொலைபேசியில் அழைத்தார். "சேர், குழிய மறுபக்கம் மாத்தினா ஒரு அறை குறையுது. அஞ்சு அறையோட செய்யலாமா?"

செய்யலாம் என்றோம். அவரது முதல் விருந்தாளி வரும்போது அந்தக் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் ஊற்றிக் கொடுக்கட்டும். நாமும் போய்க் குடிப்போம், இன்ஷா அல்லாஹ்.