சுட்டிக்கு எதற்கு ஐயா துணை மென்பொருள்?



"மவுஸ் மெதுவாக நகர்கிறது" என்று எவரேனும் குறைப்பட்டால், உடனே கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: "அந்த நிறுவனத்தின் மென்பொருளை இறக்கிப் போடுங்கள், சரியாகிவிடும்." பெரும்பாலும் இது தவறான அறிவுரை என்பதே என் வாதம். பல வீடுகளில் அந்த மென்பொருளே நோய்க்குக் காரணம். வேலியே பயிரை மேய்கிறது; நாமோ இன்னொரு வேலி போடுகிறோம்!

சுட்டி மிக எளிய கருவி. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் அதை உலகிற்குக் காட்டினார். அவர் குழு உருவாக்கிய முதல் சுட்டி மரப்பெட்டிக்குள் இரு சக்கரங்களைக் கொண்டது. பின்னர் யுஎஸ்பி வந்தபோது, விசைப்பலகையும் சுட்டியும் கணினியோடு பேசுவதற்கென்று ஒரு பொது விதியும் வகுக்கப்பட்டது. அந்த விதி விண்டோசுக்கும் தெரியும், மேக்கிற்கும் தெரியும், லினக்சுக்கும் தெரியும். செருகினால் ஓட வேண்டும், ஓடவும் செய்கிறது. பிறகு எதற்கு ஐயா துணை?

கேலாங் வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில், அண்ணனோ அக்காளோ பயன்படுத்திவிட்டுத் தந்த பழைய மடிக்கணினியில் தமிழ்க் கட்டுரை எழுதும் பிள்ளைகளை நான் அறிவேன். நினைவகம் குறைந்த அக்கணினியில், திறந்தவுடன் ஓடத் தொடங்கும் துணை மென்பொருளொன்று புதுப்பிப்பைத் தேடும், விளக்கின் நிறத்தை மாற்றும், கணக்குத் திறக்கச் சொல்லும், விளம்பரமும் காட்டும். சுட்டி தவழ்கிறது. பிள்ளை, "தமிழில் தட்டச்சு செய்வதே கடினம்" என்று முடிவு கட்டிவிடுகிறது. பழி யார்மேல் விழுகிறது பாருங்கள்!

மென்பொருளைத் தேடுமுன் செய்ய வேண்டியவை இவை:

1. சுட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒளி வரும் துளையில் ஒரு முடியோ தூசியோ இருந்தாலும் அம்பு தடுமாறும். உலர்ந்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள்.

2. கண்ணாடி மேசையிலும் பளபளக்கும் பரப்பிலும் பல சுட்டிகளுக்குக் கண் தெரியாது. அடியில் ஒரு தாளை வைத்துப் பாருங்கள்.

3. கம்பியில்லாச் சுட்டி என்றால் மின்கலத்தை மாற்றுங்கள். சிறு ஏற்பியை, வெளிவன்தட்டு செருகியுள்ள யுஎஸ்பி 3.0 துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அத்துளை எழுப்பும் இரைச்சல், சுட்டி பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே விழும். வேறு துளையில் செருகுங்கள். அல்லது சிறு நீட்டிப்புக் கம்பி கொண்டு தள்ளி வையுங்கள்.

4. விண்டோஸ் அமைப்புகளிலேயே சுட்டியின் வேகத்தைக் கூட்டும் அளவுகோல் இருக்கிறது. அதை நகர்த்துங்கள்.

5. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கணினியோடு தாமே தொடங்கும் நிரல்களின் பட்டியல் அங்கே உண்டு. துணை மென்பொருள் அதிலிருந்தால் நிறுத்திவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்குங்கள். வேகம் திரும்பினால், குற்றவாளி யாரென்று விளங்கிவிடும்.

இது வெறும் வேகச் சிக்கல் என்று எண்ணாதீர்கள். அல்ஜூனிட் நிலையத்தில் ரயிலேறி, புவன விஸ்தாவில் மாறி, ஒரு நிலையம் கடந்தால் ஒன் நார்த். விளையாட்டுச் சுட்டிகளால் உலகப் புகழ்பெற்ற ரேசர் நிறுவனத்தின் தலைமையகங்களில் ஒன்று அங்கேதான் உள்ளது. 2021 ஆகஸ்டில் அதன் துணை மென்பொருளின் நிறுவியில் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது. சுட்டியைச் செருகியதும் விண்டோஸ் அந்த நிறுவியைத் தானே இறக்கி, முழு அதிகாரத்துடன் இயக்கியது. "எந்த உறையில் சேமிக்க?" என்று கேட்கும் சாளரத்தின் வழியாக, கணினியின் முன் அமர்ந்த எவரும் அந்த முழு அதிகாரத்தைக் கைப்பற்ற முடிந்தது. நிறுவனம் பின்னர் அதைத் திருத்தியது. ஆனாலும் கேள்வி நிற்கிறது: அம்பை நகர்த்தும் கருவிக்கு அத்தனை அதிகாரம் ஏன்?

2026 ஜனவரியில் லாஜிடெக்கின் துணை மென்பொருள்கள் மேக் கணினிகளில் திறக்க மறுத்தன. நிறுவனம் ஒரு சான்றிதழைப் புதுப்பிக்கத் தவறியதே காரணம். பயனர் பார்த்துப் பார்த்து அமைத்த பொத்தான்கள் செயலிழந்தன. சுட்டியோ, வெறும் சுட்டியாக ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நம் பள்ளிகளுக்கும் இந்தப் பாடம் புதிதன்று. உயர்நிலை மாணவர்களின் கற்றல் கருவிகளை நிர்வகிக்க மொபைல் கார்டியன் என்னும் செயலி பொருத்தப்பட்டிருந்தது. 2024 ஆகஸ்டில் அதனுள் அத்துமீறி நுழைந்தவர்கள், 26 பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் கருவிகளிலிருந்த தரவுகளைத் தொலைவிலிருந்தே அழித்தனர். கல்வி அமைச்சு அச்செயலியையே அகற்றியது. மேற்பார்வைக்கென ஒரு செயலி தேவைப்படலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உள்ளே விடும் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு கதவு. தேவையான கதவுக்கே இத்தனை ஆபத்து என்றால், தேவையற்ற கதவை ஏன் திறக்க வேண்டும்?

"கூடுதல் பொத்தான்களை அமைக்க மென்பொருள் வேண்டுமே?" என்பார்கள். உண்மைதான். கைநடுக்கம் உள்ளவருக்கு அந்தப் பொத்தான்கள் பேருதவி; அவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள், அமைப்பைத் தன்னுள்ளேயே நினைவில் வைக்கும் சுட்டியை வாங்கலாம். ஒருமுறை நிறுவி, அமைத்து, சுட்டியில் சேமித்து, மென்பொருளை நீக்கிவிடலாம்.

என்னை உறுத்துவது இன்னொன்று. நிறுவும்போது எட்டுப் பக்க நிபந்தனை வருகிறது. பிள்ளை படிக்காமலேயே "ஏற்கிறேன்" என்று சொடுக்குகிறது. சொல்லுக்குப் பொருள் அறிந்து படி என்று வகுப்பில் கற்பிக்கும் நாம், அந்தப் பழக்கத்தை வீட்டில் வளர விடலாமா?

பெற்றோர்களே, வாங்கும்போது கடைக்காரரிடம் "மென்பொருள் இல்லாமல் இது ஓடுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆசிரியர்களே, தமிழ் 99 விசைப்பலகை விண்டோசிலேயே இருக்கிறது. அதற்கும் கண்ட கண்ட தளங்களிலிருந்து எதையும் இறக்கச் சொல்லாதீர்கள். இந்த வார இறுதியில் பிள்ளையை அருகில் அமர்த்தி, கணினியில் உள்ள மென்பொருள்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். "இது எதற்கு?" என்று கேளுங்கள். விடை தெரியாதவற்றை இருவருமாக விசாரித்து, தேவையற்றதை நீக்குங்கள்.

அன்புடன்,
கேலாங்கிலிருந்து ஒரு தமிழாசிரியர்