கடையைத் திறந்து வையுங்கள்!



தெருவில் கடை வைத்திருப்பவன் காலையில் கதவைத் திறக்கின்றான். வாயிலைப் பெருக்கி நீர் தெளிக்கின்றான். வருவோரை முகமலர்ந்து அழைக்கின்றான். கேட்ட பொருளை எடுத்துக் காட்டி விலை சொல்கின்றான். அதே வணிகன் இணையத்தில் வலைத்தளம் ஒன்று அமைத்தவுடன் இவை அனைத்தையும் மறந்து விடுகின்றான்! ஓடும் படங்களையும் தன் நிறுவனத்தின் பெருமை பேசும் பத்து வரிகளையும் முகப்பில் வைத்துவிட்டு, வாங்க வந்தவன் கேட்கும் முதல் வினாவுக்கு விடை வைக்காமல் விடுகின்றான். பூட்டிய கடைக்குத் தோரணம் எதற்கு?

வாங்க வருபவன் கேட்பவை எவை? என்ன பொருள்? என்ன விலை? விற்பவர் யார்? எங்கிருக்கின்றார்? எத்தனை நாளில் கைக்கு வந்து சேரும்? பழுதிருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வாரா? இவ்வாறு வினாக்களுக்கும் எளிதில் விடை கிடைக்குமாயின் அவ் வலைத்தளம் பயன் தரும். கிடைக்காதாயின் எத்துணைப் பணம் கொட்டி அமைத்திருந்தாலும் வீணே.

பவானிச் சமக்காளத்தை எடுத்துக்கொள்வோம். காவிரியும் பவானியும் கூடும் அவ்வூர் நெசவாளர் கைத்தறியில் நெய்யும் தடித்த வண்ணப்பட்டை விரிப்பு அது. புவிசார் குறியீடும் பெற்றது. அதனை விற்கும் வலைத்தளம் 'தரத்தில் இணையற்றது' என்று மட்டும் எழுதினால் எவர்க்கு என்ன விளங்கும்? நீளம் எத்தனை அடி, அகலம் எத்தனை அடி, நூல் எத்தகையது, துவைத்தால் சாயம் போகுமா, விலை எவ்வளவு என்று எழுதுக! நெசவின் நெருக்கத்தையும் ஓரத்தையும் அருகிலிருந்து காட்டும் படம் ஒன்று இடுக! தொட்டுப் பார்க்க இயலாத கடையில் சொல்லும் படமுமே கைவிரல்கள். விசைத்தறித் துணி கைத்தறியின் பெயரால் விலைபோகும் இந்நாளில், உள்ளதை உள்ளவாறு எழுதுவது நெசவாளனின் கூலிக்கு வேலியுமாகும்.

வலைத்தளத்தைப் பலரும் காண்பது கைப்பேசியிலேயே. 2015 ஏப்பிரலிலிருந்தே கூகுள் தேடுபொறி, கைப்பேசியில் படிக்கத்தக்க பக்கங்களுக்குக் கைப்பேசித் தேடலில் முன்னிடம் தரத் தொடங்கிவிட்டது. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தோன்றவேண்டும் என்பது அந்நிறுவனம் வகுத்த அளவு. பெரும் படங்களைச் சுருக்காமல் ஏற்றுவோர், வந்தவனை வாயிலில் நிறுத்தி வைத்துத் திருப்பி அனுப்புகின்றனர். 2018 சூலை முதல், மறைகுறியாக்கக் காப்பில்லாத தளங்களைக் குரோம் உலாவி 'பாதுகாப்பற்றது' என்று குறித்துக் காட்டுகின்றது. அக்குறியைக் கண்டபின் எவன் பணம் செலுத்துவான்?

இந்தியாவில் 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் இதையே வேண்டுகின்றன. நிறுவனத்தின் சட்டப் பெயரும் முகவரியும் குறைதீர் அலுவலரின் பெயரும் வெளிப்படத் தெரிதல் வேண்டும். முறையீடு வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்தல் வேண்டும். ஒரு திங்களுக்குள் தீர்த்தல் வேண்டும். முகவரியை மறைத்து வணிகஞ் செய்பவனை எவரும் நம்பார்.

இனி, மொழி. தமிழர்க்கு விற்கும் கடையின் வலைத்தளம் முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதேன்? தமிழ் எழுத்துகள் ஒருங்குறியில் 1991-இலேயே இடம்பெற்றுவிட்டன. எழுத முடியவில்லை என்னும் சாக்கு இன்று செல்லாது. ஆனால் தமிழை எழுத்தாகவே எழுதுக! படமாக ஒட்டிய தமிழைத் தேடுபொறி எழுத்தைப்போல் எளிதில் கண்டுகொள்ளாது. அப் படத்துக்குரிய விளக்கத்தையும் எழுதாவிடின், பார்வையற்றோர்க்குப் படித்துக் காட்டும் கருவியும் தடுமாறும். பொறி பெயர்த்த தமிழை அப்படியே இடுவதோ வாங்குவோரை நகைக்கவைக்கும். அயல்நாட்டார்க்கு விற்க ஆங்கிலப் பக்கமும் வைக்கலாம், தடையில்லை. ஆயின், 'சமக்காளம்' என்று தமிழில் தேடும் தாய்க்கு உங்கள் கடை அகப்படாதாயின், இழப்பு தமிழுக்கு மட்டுமன்று, உங்கள் கல்லாவுக்குந்தான்!

இறுதியாக ஓர் ஆய்வு சொல்வோம், செலவில்லாதது. அண்டை வீட்டு முதியவர் ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, உங்கள் தளத்தில் ஒரு பொருளை வாங்கச் சொல்லுங்கள். அருகில் நின்று, வாய் திறவாமல் பாருங்கள். அவர் எங்குத் தடுமாறுகின்றாரோ, அங்கே உங்கள் கடைக்கதவு சாத்தியிருக்கின்றது. அதனை இன்றே திறவுங்கள்!