வாளுக்கு வெளியே வன்னி

கற்சிலைமடு நினைவுக்கல் சொல்வது இவ்வளவுதான்: 1803 ஒக்ரோபர் 31இல் கப்டன் வொன் ட்றிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான். சாவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எமது பாடசாலை மேடைகளிலோ காட்டிக்கொடுக்கப்பட்ட வன்னியன் அன்றே வாளோடு சாய்கிறான், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள்.

நாடகம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. முல்லைமணியின் 'பண்டாரவன்னிய'னையும் கருணாநிதியின் 'பாயும்புலி பண்டாரக வன்னிய'னையும் இலக்கியமாக வாசிப்போம். அவற்றையே வரலாறென்று வகுப்பறையில் படிப்பிப்பதைத்தான் எதிர்க்கிறேன். அதே ஆண்டு ஓகஸ்டில் முல்லைத்தீவைத் தாக்கியபோது வன்னியனோடு நின்றவர்கள் கண்டிப் படையினர். இதை எத்தனை மேடைகள் சொல்கின்றன?

'வீரப் பரம்பரை' என்ற பேச்சில் குளம் கட்டியவனுக்கு இடமில்லை. வயல் விதைத்தவனுக்கும் மாடு வளர்த்தவனுக்கும் கரைவலை இழுத்தவனுக்கும் இடமில்லை. மண்ணுக்கு உரித்தாளி யாரென்று வாள் தீர்மானித்தால் என்ன நடக்கும் என்பதை 1990 ஒக்ரோபரில் கண்டோம். விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள், நீராவிப்பிட்டி வெறுமையானது.

எமது எழுத்தாளர்களுக்கும் ஒரு சொல். பதிலுக்கு ஒரு முஸ்லிம் வீரனைத் தேடி அலையாதீர்கள். அதுவும் அதே நோய்தான். எங்கள் உம்மம்மா நீரள்ளிய கிணற்றை, வாப்பா விதைத்த வயலை, அயலில் தமிழரோடு மாற்றிக்கொண்ட விதைநெல்லை எழுதுங்கள். இந்த மண்ணில் எமக்குள்ள உரித்தைச் சொல்ல அது போதும்.