மின்னொழுக்கு என்றொரு சாட்டு

பத்திரிகைத் தொழிலில் நான் கழித்த முப்பது சொச்ச ஆண்டுகளில் ஒரு வாக்கியத்தை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பது எனக்கே தெரியாது. ‘தீ விபத்துக்கு மின்னொழுக்கே காரணமென ஆரம்பக்கட்ட விசாரணைகளிலிருந்து தெரியவந்துள்ளது’ என்பதே அந்த வாக்கியம். தமிழகப் பத்திரிகைகள் இதையே மின்கசிவு என்று எழுதும். கடை எரிந்தாலும், களஞ்சியசாலை எரிந்தாலும், அலுவலகம் எரிந்தாலும் செய்தியின் கடைசிப் பந்தியில் அது வந்து அமர்ந்துகொள்ளும். எழுதி முடித்ததும் பொலிஸாருக்குத் திருப்தி, கட்டட உரிமையாளருக்குத் திருப்தி, எனக்கும் திருப்தி. இடி விழுந்தது போல, வெள்ளம் வந்தது போல, எவருடைய குற்றமுமின்றி ஏதோ ஒன்று நடந்துவிட்டதாக ஊர் நம்பிக்கொள்ளும்.

அந்த வாக்கியத்துக்காக என்னை முதன்முதலில் வெட்கப்பட வைத்தவர் ஒரு தந்தை. கொழும்பில் ஒரு கடையின் மேல்மாடியில் இரவில் உறங்கிய சிப்பந்தி ஒருவன் தீயில் அகப்பட்டு மாண்டான். மலையகத்திலிருந்து வேலைக்கு வந்த பையன். உடலைப் பொறுப்பேற்க வந்த தகப்பன், பிரேத அறை வாசலில் நான் பத்திரிகைக்காரன் என்று அறிந்து கேட்டார்: “மின்னொழுக்குன்னு பேப்பருல போட்டிருக்கீங்களே ஐயா, அது எங்கேயிருந்துங்க வந்திச்சு?”

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்று இருக்கிறது. அந்தப் பதிலை எழுத வைத்தவர் என் நண்பரொருவர். மூன்று மாடிக் கடைத்தொகுதிக்குச் சொந்தக்காரர். தமது கட்டடத்தின் மின்னமைப்பை வெப்பப் படக் கருவியால் பரிசோதிப்பதற்கு இரண்டு நிறுவனங்களிடம் விலை கேட்டிருந்தார். ஒன்றின் தொகை மற்றதன் மூன்று மடங்கு. இரண்டு தாள்களையும் என் முன்னால் போட்டுவிட்டு அவர் சொன்னார்: “இந்தக் காசுக்கு இன்னொரு ஏசி பூட்டலாம். எரியாத கடைக்கு என்னத்துக்கு அண்ணை படம்?”

இந்தக் கேள்வி அவருடையது மட்டுமன்று. சந்தைத் தெருக்கள் தோறும் கேட்கும் கேள்வி. ஆகவே அவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

மின்னொழுக்கு பெரும்பாலும் கதையின் கடைசி அத்தியாயம். முதல் அத்தியாயம், மின்விநியோகப் பலகைக்குள் தளர்ந்துபோன ஓர் ஆணி, அல்லது கடற்காற்றில் களிம்பேறிய ஓர் இணைப்பு. அந்த இடத்தில் தடை கூடுகிறது. தடை கூடினால் வெப்பம் கூடுகிறது. வெப்பத்தால் உலோகம் விரிந்து சுருங்கி இணைப்பு மேலும் தளர்கிறது. வயரின் உறை கருகுவதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்கள் ஆகலாம். அவ்வளவு காலமும் அந்தப் புள்ளி தன் வெப்பத்தால் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அறிவித்துக்கொண்டேயிருக்கிறது.

நம் கண்ணுக்கு அது தெரியாது. சூரிய ஒளியின் நிறமாலையில் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து, கண்ணுக்குப் புலப்படாத கதிரொன்று அங்கே இருப்பதை வில்லியம் ஹேர்ஷல் கண்டது 1800ஆம் ஆண்டில். செங்கீழ்க் கதிர் என்று நாங்கள் பாடசாலையில் படித்தோம். தமிழகத்தார் அகச்சிவப்புக் கதிர் என்பர். அந்தக் கதிரைப் படமாக்குவதே வெப்பப் படக் கருவி. 2014 முதல் கைத்தொலைபேசியில் பொருத்தக்கூடிய சிறு கருவிகள் கூடச் சில நூறு டொலருக்குச் சந்தைக்கு வந்துவிட்டன. அப்படியிருக்கப் பரிசோதனைக்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்பது நியாயமே. ஆனால் செலவு கருவியில் இல்லை. அதைப் பிடித்திருக்கும் மனிதரிடமும் அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்திலும் இருக்கிறது.

நண்பர் காட்டிய மலிவான விலைத்தாளை வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருக்கும் வேளையில், ஒரு மணித்தியாலத்தில், எந்தப் பலகையையும் திறக்காமல், வண்ணப் படங்களுடன் அறிக்கை. வியாபாரத்துக்கு இடைஞ்சல் இல்லை என்பதைப் பெருமையாகவே குறிப்பிட்டிருந்தார்கள். நான் சொல்கிறேன், அந்தப் பணத்தை நண்பர் கடலில் எறியலாம்.

இணைப்பில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். மின்னோட்டம் பாதியானால் வெப்பம் காற்பங்கு. முழுச் சுமையில் 40 சதவீதம் மட்டுமே ஓடும்போது வெப்பம் 16 சதவீதம். குளிரூட்டிகளும் விளக்குகளும் அணைந்து கிடக்கும் ஞாயிற்றுக்கிழமையில், நோயுற்ற இணைப்பும் நலமாயிருப்பது போலவே தோன்றும். பலகையின் இரும்புக் கதவைக் கருவி ஊடுருவாது. கண்ணாடி மூடியையும் ஊடுருவாது. படத்தில் தெரிவது கதவின் வெப்பமே. போதாக்குறைக்கு, பளபளப்பான செம்பும் அலுமினியமும் தம் வெப்பத்தைச் சொற்பமாகவே கதிராக வெளியிடும். எதிரே நிற்பவரின் உடல் வெப்பத்தைப் பிரதிபலித்துக் கண்ணை ஏய்க்கும். இதையெல்லாம் அறியாதவர் கையில் கருவி ஒரு விளையாட்டுப் பொருள்.

விலை கூடிய தாள் வேறு விதமாய் இருந்தது. வேலைநாளில், கூட்டம் நிறைந்த மாலை வேளையில் பரிசோதனை. பாதுகாப்பு உடையணிந்த மின்பணியாளர் ஒருவர், மின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு பலகையாகத் திறந்து கொடுப்பார். ஒவ்வொரு கட்டத்திலும் ஓடும் மின்னோட்டம் அளந்து எழுதப்படும். குறை கண்ட இடங்கள் பட்டியலிடப்பட்டு, திருத்திய பின்னர் மீண்டும் வந்து பார்க்கப்படும். கட்டணம் கட்டடத்தின் சதுர அடியைக் கொண்டல்லாமல் பலகைகளின் எண்ணிக்கையைக் கொண்டு கணிக்கப்பட்டிருந்தது. இதற்குத்தான் மூன்று மடங்கு. மின் பரிசோதனைத் துறையில் பலரும் பின்பற்றும் நெட்டா அமைப்பின் வழிகாட்டி, ஒரே சுமையைத் தாங்கும் ஒத்த இரு உறுப்புகளுக்கிடையே 15 பாகை செல்சியசுக்கு மேல் வேறுபாடு இருந்தால் உடனே திருத்தச் சொல்கிறது. சுமையை அளக்காதவர் இந்த ஒப்பீட்டைச் செய்வதெப்படி?

மீண்டும் வந்து பார்ப்பதற்கு ஏன் தனிக் காசு என்று நண்பர் முணுமுணுத்தார். அவருக்கு டில்லியின் உபகார் திரையரங்கை நினைவூட்டினேன். 1997ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் திகதி. கட்டடத்தின் கீழ்த்தளத்திலிருந்த மின்மாற்றியில் அன்று காலையே தீ ஏற்பட்டது. திருத்தினார்கள். வட முனையை அதற்குரிய பொறியால் இறுக்காமல் சுத்தியலால் அடித்து இறுக்கியதாகப் பின்னர் விசாரணையில் வெளிப்பட்டது. பிற்பகல் காட்சி நடக்கையில் அந்த இணைப்பு கழன்று பொறி பறந்தது, எண்ணெய் எரிந்தது, புகை மேலே ஏறியது. 59 பேர் மாண்டனர். வழிகளை அடைத்துப் போடப்பட்டிருந்த மேலதிக இருக்கைகளும் அந்த உயிர்களைக் குடித்தன என்பது உண்மை. ஆனால் தொடக்கம், திருத்திவிட்டோம் என்று நம்பப்பட்ட ஓர் இணைப்பு. 2015இல் இந்திய உச்ச நீதிமன்றம் உரிமையாளர்களான சகோதரர் இருவருக்கும் ஆளுக்கு 30 கோடி இந்திய ரூபா தண்டம் விதித்தது. பிள்ளைகளை இழந்தவர்களுக்கு அது எந்தக் கணக்கில் சேரும்?

நியாயமான மறுப்புகளையும் நான் மறைக்கப் போவதில்லை. வெப்பப் படம் எல்லாம் அறிந்த சோதிடமன்று. சுவருக்குள் எலி கடித்த வயரையும், பரிசோதனை வேளையில் மின் ஓடாத இணைப்பையும் அது காட்டாது. ட்ரிப் சுவிட்ச்சின் வேலையை அது செய்யாது. ஒற்றைப் பலகையுள்ள பெட்டிக்கடைக்காரர் இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை. தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு ஆணிகளை இறுக்குவித்தாலே பெரும்பகுதி நன்மை. நான் பேசுவது மாடி மேல் மாடி கட்டி, மாடிக்கு மாடி குளிரூட்டி பூட்டி, மின்பிறப்பாக்கியும் வைத்திருக்கும் முதலாளிமாரைப் பற்றி. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது டீசலுக்கு எப்படியோ பணம் தேடியவர்கள் அவர்கள்.

அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம், அதுவரை வெறும் பரிந்துரையாக இருந்த தனது மின் பராமரிப்பு ஏட்டை 2023ஆம் ஆண்டுப் பதிப்பில் நியமமாக மாற்றி, ஆண்டுக்கு ஒருமுறையேனும் இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்கிறது. அது பணக்கார நாட்டுப் பேச்சு என்பார்கள். எரிவதற்கு ஏழை நாடு, பணக்கார நாடு என்ற பேதம் உண்டா? எரிந்தபின் மீள எழுவதுதான் ஏழைக்குக் கடினம். செலவைக் குறைக்க வழியுமிருக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய பத்துக் கடைக்காரர்கள் வர்த்தகர் சங்கத்தின் மூலம் ஒரே பரிசோதகரை அமர்த்தினால், அவர் வந்து போகும் செலவு பத்தாகப் பங்கிடப்படும். பக்கத்துக் கடை எரிந்தால் உங்கள் சுவரில் நின்றுவிடும் என்று தீ எழுதிக் கொடுக்கவில்லை. காப்புறுதிக் கம்பனிகளும் எரிந்தபின் மதிப்பீட்டாளரை அனுப்புவதற்கு முன், பரிசோதித்த கட்டடத்துக்குத் தவணைக் கட்டணத்தில் சலுகை தருவதைப் பற்றிச் சிந்திக்கட்டும்.

என் தொழிலின் இளையவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த முறை அந்தக் கடைசிப் பந்தியை எழுதுமுன் உரிமையாளரிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: “உங்கள் மின்பலகை கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது?” அவர் சொன்ன பதிலை, பதில் சொல்லாவிட்டால் அந்த மௌனத்தை, அப்படியே அச்சிடுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.

நண்பர் இதை வாசிப்பார். தெரிந்தேதான் எழுதுகிறேன். அவர் கடையின் மேல்மாடியிலும் இரவில் மூன்று பையன்கள் உறங்குகிறார்கள்.