பெயரும் ஊரும் இல்லாத கடிதம்

எங்கள் தெருவில் நடக்கும் இரவுப் பள்ளிக்குச் சில வாரங்களுக்கு முன்பு ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை ஆங்கில நோட்டோடு வந்தாள். தெருவிளக்கு எரியவில்லை என்று அதிகாரிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிவர வேண்டும் என்பது வீட்டுப்பாடம். நோட்ஸில் இருந்த மாதிரிக் கடிதத்தை அப்படியே பார்த்து எழுதியிருந்தாள். அனுப்புநர் பெயர் ‘எக்ஸ் எக்ஸ் எக்ஸ்’. முகவரி ‘ஒய் ஒய் ஒய்’.

“இது பரீட்சை இல்லையே, நோட்டுதானே. உன் பேரையே எழுதேன்” என்றேன். பெயரை எழுதிவிட்டாள். முகவரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

“அக்கா, காலனின்னு போடணுமா? நோட்டை எல்லாம் வாங்கி அடுக்குறது லீடர் பொண்ணு. அவ படிச்சுடுவா.”

வகுப்பில் யார் எந்தத் தெரு என்பது அந்த லீடருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனாலும் தெரிந்திருப்பது வேறு, தன் கையாலேயே எழுதிக் கொடுப்பது வேறு. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

‘காலனி’ ஆங்கிலச் சொல். அகராதியில் அதற்குக் குடியேற்றம், குடியிருப்பு என்று பொருள். நகரத்தில் ரயில்வே காலனி, ஆபீசர்ஸ் காலனி என்று சொல்ல யாரும் கூசுவதில்லை. நம் மாவட்டத்தில் ஊர், காலனி என்று பிரித்துச் சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான். 2025 ஏப்ரல் 29 அன்று, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் இந்தச் சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால் அரசாணை பள்ளி நோட்டுக்குள் வந்து சேர நாளாகும். அதுவரை அந்தப் பிள்ளையின் பேனா முகவரியில் நின்றுகொண்டுதான் இருக்கும்.

மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போனவர்

இந்தப் பயம் இன்று நேற்று வந்ததல்ல. இரட்டைமலை சீனிவாசன் தம் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். உடன் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிராமணப் பிள்ளைகள். அவர்களோடு பழகினால் சாதி என்ன, குடும்பம் எது, இருப்பிடம் எங்கே என்று கேட்பார்கள், தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்று அஞ்சினார். அதனால் வெளியே எங்காவது இருந்து படித்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவாராம். விட்டதும் யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்கு விரைந்துவிடுவாராம். அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில், 1930-ல், அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தது.

சாதி, குடும்பம், இருப்பிடம். சீனிவாசன் மறைக்க நினைத்த மூன்றில் இரண்டை இன்றைய ஆங்கில வீட்டுப்பாடம் நேராகவே கேட்கிறது. ‘என் குடும்பம்’, ‘என் வீடு’, ‘என் தந்தை’, ‘எங்கள் ஊர்த் திருவிழா’. கேட்கும் ஆசிரியருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எளிய சொற்களில் எழுதச் சுலபமான தலைப்புகள் என்றுதான் கொடுக்கிறார்.

எழுதும் பிள்ளைக்கு அது சுலபமாக இல்லை. ஒருநாள் எங்கள் இரவுப் பள்ளியில் ‘என் தந்தை’ கட்டுரைகளை வாங்கிப் பார்த்தேன். ஆறு நோட்டு. ஒருவர் விடாமல் எல்லா அப்பாக்களும் டாக்டர் அல்லது இன்ஜினீயர். உண்மையில் அவர்களில் இருவர் கரும்பு வெட்டப் போகிறவர்கள். ஒருவர் செங்கல் சூளை. ஒருவர் பேரூராட்சியில் துப்புரவுப் பணி. ஒருவர் சாவுக்குப் பறை அடிப்பவர். ஒருவர் உயிரோடு இல்லை. ஆறு கட்டுரைகளுக்கும் சிவப்பு மையில் சரி போட்டு, தேதியோடு கையெழுத்தும் இருந்தது.

பிள்ளைகள் பொய் எழுதிவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் சீனிவாசன் செய்ததைச் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். ஒரு மொழியில் நம்மை ஒளித்துக்கொள்ள மட்டுமே பழகினால், அந்த மொழியில் நமக்கு வாய் வராது. பத்தாம் வகுப்பு முடித்தும் ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் சொந்தமாகப் பேச முடியாமல் நம் பிள்ளைகள் நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. இதுவும் ஒரு காரணம். இதை யாரும் பேசுவதில்லை.

வகுப்பறையின் தினசரி வழக்கம்

வீட்டுப்பாடம் ஒரு பக்கம் என்றால் வகுப்பறையின் அன்றாட நடைமுறை இன்னொரு பக்கம். ஆங்கிலப் பீரியடில் பாடத்தை எழுந்து வாசிப்பது யார்? முதல் இரண்டு பெஞ்ச். காலை வழிபாட்டில் ஆங்கிலச் செய்தி வாசிப்பது யார்? அவர்களில் ஒருவர். குழுச் செயல்பாட்டில் எழுதுவதும் எழுந்து சொல்வதும் லீடர். சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் பிறகு குப்பையைப் பெருக்குவதும் யார் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிறகு ‘மெல்லக் கற்போர்’ பட்டியல் ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் பிள்ளையின் கைக்கு ஒரு மெலிந்த கையேடு வரும். இரண்டு செய்யுள், ஒரு கடிதம், சில ஒரு மதிப்பெண் வினாக்கள். 35 எடுத்துத் தேறுவதற்கு அது போதும். தேர்ச்சி விழுக்காடு கேட்கும் மேலதிகாரிக்கும் அது போதும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் அத்தோடு முடிந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண்; எல்லாமே எழுத்துத் தேர்வு. வாயைத் திறக்க ஒரு மதிப்பெண்கூட இல்லை. மதிப்பெண் இல்லாததை வகுப்பில் எதற்குச் செய்ய வேண்டும் என்று பள்ளிகள் நினைக்கின்றன. பேசக் கற்பது டியூஷனுக்குக் காசு கட்டுகிறவர் வீட்டுக்குப் போய்விடுகிறது.

செயல்வழியாகக் கற்கட்டும் என்றுதான் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தது. 100-ல் 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு என்றார்கள். மனப்பாடத்தை ஒழிக்க வந்த அந்த நல்ல எண்ணம் கிராமத்தில் எப்படி ஆனது? ஒரு சார்ட், நான்கு கலர் பிரிண்ட், ஸ்கெட்ச், கம் பாட்டில் என்று அறுபது எழுபது ரூபாய்ச் செலவாக ஆனது. வீட்டில் இருக்கும் ஒரு போன் காலையிலேயே அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். கடைசியில் பிராஜெக்டைச் செய்வது பஸ் ஸ்டாண்டில் இருக்கும் பிரவுசிங் சென்டர்காரர். எழுபது ரூபாய் இல்லாத பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கே போவதில்லை.

“எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வீட்டுப்பாடம்தானே, இதில் சாதி எங்கே வந்தது?” என்று ஒரு ஆசிரிய நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரே வீட்டுப்பாடம்தான், வீடுகள்தான் ஒன்றல்ல. ஒரு வீட்டில் அதைச் சொல்லிக்கொடுக்கப் பட்டம் படித்த அத்தை இருக்கிறார். இன்னொரு வீட்டில் பள்ளி போகும் முதல் தலைமுறையே இந்தப் பிள்ளைதான். வீட்டை நம்பிக் கொடுக்கும் எந்த வேலையும் வீட்டின் வரலாற்றைத்தான் அளக்கும், பிள்ளையின் அறிவை அளக்காது.

ஆசிரியர்களின் சுமையும் எனக்குத் தெரியும். நாளெல்லாம் வகுப்பு, இடையில் எமிஸ் பதிவு, பயிற்சி, கூட்டம். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இதை எழுதவில்லை. காசு செலவில்லாமல், கூடுதல் நேரமில்லாமல் மாற்றக்கூடிய சில பழக்கங்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

தமிழ் படித்தவர் ஆங்கிலத்துக்கு வாதாடலாமா?

நான் தமிழில் முதுகலை படித்தவள். ஆங்கிலத்துக்காக எழுதுகிறேனே என்று சிலர் கேட்கலாம். 1848-ல் புனேயில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய சாவித்திரிபாய் பூலே, 1854-ல் வெளியிட்ட தம் மராத்திக் கவிதைத் தொகுப்பில் ஆங்கிலக் கல்வியைப் போற்றிப் பாடியிருக்கிறார். தாய்மொழியிலேயே நின்றுகொண்டு இன்னொரு கதவையும் தட்டச் சொன்னவர் அவர். எனக்கும் தமிழ் போதாமல் போனதில்லை. ஆனால் ஒரு வன்கொடுமை வழக்கின் ஆங்கில ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் நம் மக்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஒரு வக்கீல் அலுவலக வாசலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மூன்று மணி நேரம் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

என்ன செய்யலாம்?

முதலாவது, உட்காரும் இடம். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன் படித்தவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. நாளைக் காலையிலேயே செய்யலாம். இடம் மாறினால் வாசிக்கும் முறையும் மாறும். லீடரையும் வாரத்துக்கு ஒருவராக மாற்றலாம். நோட்டு அடுக்குவது, பெருக்குவது, எழுந்து பேசுவது மூன்றும் முறைவைத்து எல்லோருக்கும் வரட்டும்.

இரண்டாவது, பேச்சு. 40 நிமிடப் பீரியடில் 40 பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கேட்டால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது. இருவர் இருவராகத் திரும்பி உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசச் சொன்னால் 40 பேருக்கும் வாய்ப்பு வரும். தப்பாகப் பேசட்டும். பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் தப்பாகப் பேசுவதற்கு யாரும் வெட்கப்பட மாட்டார்கள். வகுப்பு முழுவதன் முன்னால் நின்றால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, தலைப்பு. ‘என் தந்தை’ மட்டும் வேண்டாம். பிள்ளையே தேர்ந்தெடுக்க மூன்று தலைப்பு கொடுங்கள். ‘எனக்குச் செய்யத் தெரிந்த ஒரு வேலை’ என்று கொடுத்துப் பாருங்கள். நாற்று நடுவது, சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது, தம்பியைத் தூங்கவைப்பது என்று வரும். இதற்கு நோட்ஸில் விடை கிடையாது.

நான்காவது, பொருள். சார்ட் வேண்டாம். நம்மைச் சுற்றியே ஆங்கிலம் கிடக்கிறது. உர மூட்டை, பூச்சிமருந்து டப்பா, மாத்திரை அட்டை, பஸ் பலகை, வங்கிச் செலான். வாரம் ஐந்து சொல் அங்கிருந்து எழுதிவரச் சொல்லலாம். பாட்டியின் மாத்திரையில் ‘எக்ஸ்பைரி’ தேதியைப் படிக்கத் தெரிந்த பிள்ளை, மருந்து டப்பாவில் எச்சரிக்கையாக எழுதியிருப்பதை அப்பாவுக்குப் படித்துச் சொல்லும் பிள்ளை, ஆங்கிலத்தை வேறு யாருடைய சொத்தாகவும் நினைக்காது. செய்ய வேண்டிய எழுத்து வேலையை வகுப்பிலேயே, பள்ளித் தாளிலேயே முடிக்கட்டும்.

ஐந்தாவது, திருத்தம். பக்கம் முழுக்கச் சிவப்பு மை ஓடினால் பிள்ளை நோட்டை மூடிவிடும். இந்த வாரம் இறந்தகால வினைகளை மட்டும் திருத்துங்கள், அடுத்த வாரம் வேறொன்று. முகவரி, குடும்ப விவரம் உள்ள நோட்டுகளை லீடர் கையில் கொடுக்காமல் ஆசிரியரே வாங்கிக்கொள்ளுங்கள். இது சிறிய காரியம்தான். ஆனால் எங்கள் தெருப் பிள்ளைக்கு இதுதான் பெரிது.

மாணவத் தம்பி தங்கைகளுக்கும் ஒரு சொல். தேர்வுத்தாளில் பெயர் எழுதக் கூடாது என்பது விதி. அங்கே எக்ஸ், ஒய் போடுங்கள், தவறில்லை. வாழ்க்கை முழுவதும் அப்படியே கையெழுத்துப் போடப் பழகிவிடாதீர்கள். எப்போது உங்கள் பெயரையும் ஊரையும் எழுதுவது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான். யாரும் கட்டாயப்படுத்தவும் கூடாது, பயமுறுத்தித் தடுக்கவும் கூடாது.

அந்தக் கடிதம் என்ன ஆனது என்று சொல்லவில்லையே. எங்கள் தெருவில் உண்மையிலேயே மூன்று விளக்குகள் எரியவில்லை. அன்று இரவு எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து அதே கடிதத்தை மறுபடி எழுதினோம். எந்தக் கம்பம், எத்தனை நாளாக, இருட்டில் யார் விழுந்தது என்று ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் சொன்னார்கள். இரண்டு வாக்கியத்தில் இலக்கணப் பிழை இருந்தது; சேர்ந்து திருத்தினோம். முகவரியில் என்ன போடுவது என்று அந்தப் பிள்ளையிடமே விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கதவு எண், அம்பேத்கர் தெரு, ஊர்ப் பெயர் என்று எழுதினாள். கீழே முழுப் பெயரோடு கையெழுத்து.

மறுநாள் அம்மாவோடு வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போய்க் கடிதத்தைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவந்தாள். ஒரு விளக்கு எரிகிறது. மற்ற இரண்டுக்காக நினைவூட்டுக் கடிதம் எழுத வேண்டும். அதை இந்த முறை தானே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள்.