குமிழைத் திருக முதல்

இந்தக் கிழமை எபிசோட்டில செய்மதிக் குப்பை பற்றிக் கதைச்சம். உடைஞ்ச துண்டு ஒன்று எத்தனை வருசம் மேலே சுத்தும் எண்ட கேள்விக்கு நேரம் போதேல்ல. அந்தக் கணக்குக்குள்ள இருக்கிற ஓர் எண்ணைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கு.

காபனீரொட்சைட்டு கீழே வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் 100 கி.மீ. உயரத்தில் அது வெப்பத்தை விண்வெளிக்கு வெளியேற்றும். அங்கே அது கூடினால் மேல் வளிமண்டலம் குளிர்ந்து சுருங்கும். அதற்கு மேலே சுற்றும் குப்பையை இழுத்து விழுத்தக் காற்று குறையும். அப்ப, அந்த வாயு எவ்வளவு மேலே போகுது என்பதுதான் கேள்வி. அதைத் தீர்மானிக்கும் முக்கியமான விஷயம் கொந்தளிப்பு.

சுமார் 100 கி.மீ. வரை கொந்தளிப்பு காற்றைத் தேத்தண்ணி மாதிரிக் கலக்கிக்கொண்டே இருக்கு. அதற்கு மேலே கரண்டி ஓய்ந்துவிடும். வாயுக்கள் எடைக்கேற்பப் பிரியும். இந்த எல்லையைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து போன முதல் ரொக்கெட் சோடியம் ஆவியைத்தான் வானில் விட்டது. கேரளத்திலும் தென் தமிழ்நாட்டிலும் அந்தச் செம்மஞ்சள் முகிலைச் சனம் பார்த்தது. இப்படியான சோதனைகளில் ஆவித்தடம் எல்லைக்குக் கீழே முடிச்சு முடிச்சாகக் குழம்பும், மேலே வழுவழுப்பாக விரியும். அது அகலும் வேகத்தைப் படங்களில் அளந்தால் கலக்கலின் அளவு கிடைக்கும்.

ஆனால் அது ஓர் இடத்தில், சில நிமிசத்துக்கு. உலகம் முழுக்கக் கணக்கிடும் மொடலால் ஒவ்வொரு சுழியையும் பின்தொடர ஏலாது. அதனால எல்லாச் சுழிகளுக்கும் பதிலாகச் 'சுழிப் பரவல் குணகம்' எண்டு ஓர் எண்ணைப் போடுவினம். நான் சொல்லுற குமிழ் இதுதான்.

கனடாவின் சைசாட் செய்மதி 2003 ஆகஸ்டில் ஏவப்பட்டது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கும் அந்தத் திட்டத்தில் முக்கிய பங்கு உண்டு. சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் வளிமண்டலத்தின் ஊடாக வரும் ஒளியைப் பிரித்து அது வாயுக்களை அளக்கும். 2012இல் ஜோன் எம்மெர்ட் குழு அந்தத் தரவை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டது. 101 கி.மீ. உயரத்தில் காபனீரொட்சைட்டும் காபனோரொட்சைட்டும் சேர்ந்து பத்தாண்டுக்கு மில்லியனுக்கு 23.5 பங்கு கூடுகின்றன. மொடல்கள் சொன்னதைவிட இது சுமார் 10 பங்கு அதிகம். கொந்தளிப்பு வலுத்திருக்கலாம் என்பது முன்வைக்கப்பட்ட விளக்கம். அதாவது, குமிழைக் கொஞ்சம் திருகினால் கணக்குப் பொருந்தும்.

பிறகு வேறு குழுக்கள் இந்தப் போக்கை மறுபடி ஆராய்ந்தன. சைசாட் ஓர் அகலாங்கை வருசம் முழுக்கப் பார்ப்பதில்லை. குறிப்பிட்ட காலங்களில் மட்டுமே பார்க்கும். பருவ மாற்றத்தை அதற்கேற்பக் கையாண்டதும் அந்த மேலதிக வேகம் பெரும்பாலும் காணாமல் போனது. மிஞ்சியது பத்தாண்டுக்கு 5 வீதமளவு. நிலத்தருகே கூடும் வேகமும் கிட்டத்தட்ட அதுதான்.

எம்மெர்ட் குழுவை நான் குறை சொல்லேல்ல. அவை கண்டதைச் சொன்னவை. அதனாலதான் மற்றவையால் சரிபார்க்க முடிஞ்சது. என்னைத்தான் சொல்லுறன். டெஸ்ட் ஃபெயிலானால் டைம்அவுட்டைக் கூட்டி, பச்சை வந்ததும் மேர்ஜ் பண்ணின ஆள் நான். லொக் எந்த நேரத்தில், எந்த சேர்வரில எடுத்தது எண்டு பார்க்கிறது பிறகுதான். பார்த்தால், சில நேரம் பிழை கோட்டிலயே இருக்காது.

குணகமே வேண்டாம் எண்டு சொல்ல வரேல்ல. அது இல்லாமல் மொடல் ஓடாது. ஆனால் அதை மாற்றுகிற உரிமை கலக்கலையே அளக்கும் கருவிகளுக்கு இருக்கவேணும். திருப்பதிக்குப் பக்கத்தில் கடங்கியில் இருக்கும் ரேடார், எதிரொலி எவ்வளவு அகலுது என்பதை வைத்துக் கொந்தளிப்பை மதிப்பிடுது. அந்த மாதிரி அளவீடுகள் வேணும். இரண்டு வித்தியாசமான வரைகோடுகளைப் பொருத்துறதுக்காக மட்டும் குமிழைத் திருகினால், மொடல் அழகாகும். குப்பை எப்ப விழும் எண்ட பதில் பிழையாகும்.

2 வருசத்துக்கெண்டு போன சைசாட் 20 வருசத்தைத் தாண்டி உழைச்சிருக்கு. இப்படியான நீண்ட தொடர்கள் இருந்தால்தான் இந்த மாதிரித் திருத்தங்கள் சாத்தியமாகும். அது ஓயும்போது அந்த இடம் வெறுமையாக இருக்கக் கூடாது. செய்மதிகளை ஆயிரக்கணக்கில் ஏவுகிற காலத்தில், காற்றை அளக்கிற ஒன்றுக்குப் பணம் இல்லை எண்டு சொன்னால் நான் நம்பமாட்டன்.

அடுத்த கிழமை சந்திப்பம்.