புதுமைக்கு யார் முத்திரை இடுவது?

மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2024 டிசம்பர் இறுதிவரை அங்கீகரித்த ஸ்டார்ட்-அப் நிறுவனங்களின் எண்ணிக்கை 1.57 லட்சம். திட்டம் தொடங்கிய நாள் முதல் 2025 மே வரை வருமான வரி விலக்குச் சான்று பெற்றவையோ ஏறத்தாழ 3,700 மட்டுமே. விண்ணப்பிக்காதவர்களும் தகுதி வரம்புக்குள் வராதவர்களும் ஏராளம் என்பது உண்மைதான். அதற்கு இடம் கொடுத்துப் பார்த்தாலும், நூற்றுக்கு மூன்று நிறுவனங்கள்கூட அந்தச் சான்றைப் பெறவில்லை என்பது சிந்திக்க வேண்டிய செய்தி.

இத்திட்டத்துக்கு இரண்டு வாசல்கள். முதல் வாசலில் நிறுவனத்தின் விவரங்களை இணையத்தில் பதிவு செய்து, தொழில் எவ்வகையில் புதியது என்று தாமே எழுதிக் கொடுத்தால் அங்கீகாரம் கிடைத்துவிடுகிறது. காப்புரிமைக் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகை, அரசு ஒப்பந்தப்புள்ளிகளில் முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கு ஆகியவை இதன் பயன்கள். இரண்டாவது வாசலில் அமர்ந்திருப்பது அமைச்சகங்களுக்கு இடையேயான சான்றளிப்பு வாரியம். வருமான வரிச் சட்டத்தின் 80-ஐஏசி பிரிவின்படி, முதல் 10 ஆண்டுகளுக்குள் தொடர்ந்து 3 ஆண்டுகளுக்கு லாபத்தின் மீது முழு விலக்கு வேண்டுவோர், தங்கள் தொழில் புதுமையானது என்று இந்த வாரியத்தை ஏற்கச் செய்ய வேண்டும்.

2016 ஜனவரியில் திட்டம் தொடங்கியபோது நிலைமை இன்னும் மோசம். விண்ணப்பத்துடன் தொழில் வளர்ப்பு மையம் போன்ற அமைப்பின் பரிந்துரைக் கடிதமும் கேட்கப்பட்டது. பெருநகரில் நல்ல தொடர்புகள் உள்ளவருக்கு அது எளிது. சிறு நகரத்தில் தொழில் தொடங்கியவருக்கு அதுவே முதல் தடைக்கல். 2017 மே மாதம் அரசே அந்த நிபந்தனையை நீக்கியது. பாராட்டத்தக்க முடிவு. ஆனால் புதுமையை எடைபோடும் பொறுப்பை மட்டும் அரசு கைவிடவில்லை.

புதுமையை மதிப்பிடும் அலுவலகம் நாட்டில் இல்லாமல் இல்லை. காப்புரிமை அலுவலகத்தின் பணியே அதுதான். அங்கு பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் உண்டு. விண்ணப்பங்கள் பகிரங்கமாக வெளியிடப்படுகின்றன. எதிர்ப்புத் தெரிவிக்கவும் மேல்முறையீடு செய்யவும் சட்டத்தில் வழி உண்டு. வேடிக்கை என்னவென்றால், கணினி நிரல் என்ற அளவில் மட்டும் எதற்கும் காப்புரிமை கிடையாது என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு. ஆகவே மென்பொருள் நிறுவனம் ஒன்று தன் புதுமைக்குக் காப்புரிமையைச் சாட்சியாகக் காட்டுவது கடினம். மருந்தோ இயந்திரமோ தயாரிப்பவருக்கு உள்ள சான்று, மின்னணுச் சேவை நடத்துபவருக்கு இல்லை. அவருடைய தலைவிதி விண்ணப்பத்தில் எழுதும் விளக்கத்திலும் அதைப் படிப்பவரின் மனப்போக்கிலும் தங்கியிருக்கிறது.

ஆளில்லா விமானங்கள் விஷயத்தில் இதே அரசு வேறு வழியில் சென்றது. 2021 மார்ச்சில் வெளியான விதிகள் கடுமையாக இருப்பதாக எதிர்ப்பு எழுந்தது. ஐந்தே மாதங்களில், ஆகஸ்ட் 25-ஆம் தேதி, புதிய டிரோன் விதிகள் வந்தன. 25 படிவங்கள் ஐந்தாயின. 72 வகைக் கட்டணங்கள் நான்காயின. வகைச் சான்று என்ற நடைமுறை நீடித்தது. ஆனால் அது ஆராய்வது அந்த விமானம் நிர்ணயிக்கப்பட்ட தரத்துக்கு உட்பட்டதா என்பதைத்தான். அதற்கு முன் எவரும் செய்யாததா என்பதை அல்ல. 250 கிராம் வரையுள்ள சிறிய ரகங்களுக்கு அந்தச் சான்றும் தேவையில்லை. அளக்கக்கூடியதை அளந்து சொல்லும் வேலை இது.

செயற்கை நுண்ணறிவில் நடந்ததையும் நினைவுகூர வேண்டும். முழுமையாகச் சோதிக்கப்படாத நுண்ணறிவு மாதிரிகளை இந்தியப் பயனாளர்களுக்கு வழங்குமுன் அரசின் வெளிப்படையான அனுமதி பெற வேண்டும் என்று 2024 மார்ச் 1-ஆம் தேதி மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அறிவுறுத்தியது. எந்தச் சோதனை, யார் நடத்துவது என்ற விளக்கம் அதில் இல்லை. ஸ்டார்ட்-அப்களுக்கு இது பொருந்தாது என்று சில நாள்களிலேயே அன்றைய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் சொல்ல நேர்ந்தது. மார்ச் 15-ஆம் தேதி வெளியான மாற்று அறிவுறுத்தலில் அனுமதி என்ற நிபந்தனையே காணாமல் போனது. சோதனைச் சாலை இல்லாமல் சான்று வழங்கப் புறப்பட்டால் இரண்டு வாரங்கள்கூட அது தாக்குப்பிடிக்காது போலும்.

வாரியத்தின் பரிசீலனை 120 நாள்களில் முடிக்கப்படும் என்று 2025-இல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. காலதாமதத்தால் வரிவிலக்கின் ஓராண்டை இழந்த நிறுவனத்துக்கு இது ஆறுதல்தான். எனினும் விரைவாகக் கிடைக்கும் தீர்ப்பும் எதன் அடிப்படையில் வழங்கப்பட்டது என்று தெரிய வேண்டாமா? ஏற்கப்பட்ட, நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களின் காரணங்களை நிறுவனத்தின் பெயரையும் வணிக ரகசியங்களையும் நீக்கிவிட்டு வெளியிடுவதில் அரசுக்கு என்ன சிரமம்? அதைவிட நேர்மையான வழியும் உண்டு. ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் நிறுவனம் செலவிட்ட தொகையைத் தணிக்கையாளர் சான்றுடன் கணக்கில் கொண்டு, அதற்கேற்ப வரிச்சலுகை வழங்கலாம். செலவுக் கணக்கைச் சரிபார்க்க வருமான வரித்துறைக்குத் தெரியும்.

2030 ஏப்ரல் 1-க்கு முன் தொடங்கப்படும் நிறுவனங்கள் வரை இந்தச் சலுகையை 2025 நிதிநிலை அறிக்கை நீட்டித்துள்ளது. அதுவரை தொழில் தொடங்கி வரிவிலக்கு கோரும் ஒவ்வொருவரும் இந்த இரண்டாவது வாசலில்தான் வந்து நிற்கப் போகிறார்கள்.